நிலமும் சந்தையும்: கரிசல் சீமைச் சனதுகள் உணர்த்தும் ஓர் உண்மை

நமது ஊர்களில் நூறாண்டுக்கு முற்பட்ட நிலப்பத்திரம் ஒன்றை விரித்துப் படிப்போர் அதன் தமிழில் அரபு, பாரசீகச் சொற்கள் நிறைந்திருப்பதைக் காண்பர். அருட்கொடை எனும் பொருளுடைய ‘இன்ஆம்’ தமிழில் இனாம் ஆயிற்று. ஆதாரம் எனும் பொருளுடைய ‘ஸனது’ அரசரின் உரிமைப் பத்திரத்தைக் குறிக்கலாயிற்று. அறுவடைப் பருவத்தைச் சுட்டும் ‘ஃபஸ்ல்’ பசலி ஆண்டாயிற்று. பங்கினைச் சுட்டும் ‘கிஸ்த்’ வரித் தவணையாகிய கிஸ்தியாயிற்று. வசூல், பாக்கி, ஜப்தி, தாசில் என இப்பட்டியல் நீளும். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் வேரூன்றி, கும்பினியார் ஆட்சியில் நிலைபெற்ற இச்சொற்கள் இன்று எவருக்கும் அயன்மொழியாகத் தோன்றுவதில்லை.

ஆயினும் அவற்றுள் ஒரு சொல் வழக்கொழிந்துவிட்டது. அது ‘சாயர்’ என்பதாகும். சாலைகளிலும் துறைகளிலும் சந்தைகளிலும் சரக்கின் மீது தண்டப்பட்ட தீர்வைகள் அனைத்தும் அன்று இப்பெயரால் வழங்கின. நிலவரியைப் பற்றிய சொற்கள் நிலைத்திருக்க, சந்தை வரியைப் பற்றிய சொல் மட்டும் மறைந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிப் புகுந்தால், அரசர் தம் பிரபுக்களுக்கு எதை வழங்கலாம், எதை வழங்கலாகாது எனும் பழைய வழக்கொன்று வெளிப்படுகின்றது. கோவில்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம், புதூர் எனப் பரந்து கிடக்கும் கரிசல் சீமையின் வரலாற்றைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

இருவேறு கொடைகள்

நிலத்தை ஒருவருக்கு வழங்குவதும் சந்தை உரிமையை வழங்குவதும் ஒரே தன்மையன அல்ல. நிலக்கொடை பெற்றவருக்கு அந்நிலத்தை உழும் குடிகள் மட்டுமே கடன்பட்டவர்கள். சந்தை உரிமை பெற்றவருக்கோ எங்கிருந்தோ தலைச்சுமையுடன் வருபவரும், ஓர் ஆட்டை ஓட்டி வருபவரும், உப்பும் கருவாடும் வாங்க வருபவரும் கடன்பட்டவர்களாகிவிடுகின்றனர். எனவேதான் பண்டைய அரசர்கள் சந்தை உரிமையை நிலத்தினும் அரிய கொடையாகக் கருதினர்.

தென்னகத்தில் இதற்கு மிகப் பழைய சான்று கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள். சேர வேந்தர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 849இல், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் இவற்றை வழங்கினார். சபீர் ஈசோ என்பவர் எடுப்பித்த கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் குடிகளும் அளிக்கப்பட்டன. அத்துடன் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் எனும் வணிகக் குழுவினருக்குச் சுங்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் சலுகைகளும் தரப்பட்டன. இக்கொடைக்குச் சாட்சியிட்டோர் கூஃபி அரபு எழுத்திலும், பாரசீகத்துப் பஹ்லவி எழுத்திலும், ஹீப்ரு எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே முஸ்லிம் வணிகர்கள் நம் கரையின் சந்தை ஒழுங்கில் சாட்சிகளாக நின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான ஆவணம் வேண்டுவதில்லை.

ஸ்காட்லாந்தின் முன்மாதிரி

நிலத்தையும் சந்தையையும் ஒரே குடும்பத்திடம் பரம்பரையாக ஒப்படைக்கும் முறை முழு வளர்ச்சி பெற்ற நாடுகளுள் ஒன்று ஸ்காட்லாந்து. அந்நாட்டை 1124 முதல் 1153 வரை ஆண்ட முதலாம் டேவிட் மன்னர், நார்மன் பிரபுக்களை வரவழைத்து நிலங்களை வழங்கினார். அவர் ஏறத்தாழ 1124இல் ராபர்ட் டி புரூஸ் என்பவருக்கு அனன்டேல் எனும் பள்ளத்தாக்கை வழங்கிய பட்டயம் புகழ்பெற்றது. அக்குடும்பத்தின் வழித்தோன்றலே பின்னாளில் ஸ்காட்லாந்தின் மன்னரான ராபர்ட் புரூஸ் ஆவார்.

அதே டேவிட் மன்னர் எடின்பரோ, ஸ்டர்லிங் போன்ற நகரங்களுக்கு வணிகத் தனியுரிமை அளித்தார். இவை அரச நகரங்கள் எனப்பட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் பிரபுக்களும் தத்தம் நிலத்தில் சிறு நகர்களை நிறுவ அரச பட்டயம் பெற்றனர். வாரம் ஒரு சந்தை, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ திருவிழாச் சந்தை, வரும் சரக்கின் மீது தீர்வை, எடைக்கோல் உரிமை, வழக்கு விசாரிக்கும் மன்றம் ஆகியன அப்பட்டயங்களில் அடங்கும். சந்தை நடுவே நாட்டப்பட்ட கல்தூண் அவ்வுரிமையின் அடையாளமாக விளங்கியது. பிரபுவின் நிலத்தில் வாழும் குடியானவர் தம் தானியத்தை அவருடைய ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. உழுவோன், விற்போன், வாங்குவோன் ஆகிய மூவரும் ஒரே வாயிலில் கட்டணம் செலுத்தினர் எனலாம்.

இவ்வமைப்பு படிப்படியாகவே குலைந்தது. 1672இல் அரச நகரங்களின் வெளிநாட்டு வணிகத் தனியுரிமை பெருமளவு தளர்த்தப்பட்டது. 1746இல் கல்லோடன் போரில் கிளர்ச்சியாளர் தோற்றபின், அடுத்த ஆண்டே பிரபுக்களின் பரம்பரை நீதி அதிகாரம் சட்டத்தால் பறிக்கப்பட்டது. நிலமும் வாரமும் அவர்களிடமே விடப்பட்டன. நிலமானிய உறவின் எஞ்சிய எச்சம் 2004 நவம்பர் 28 அன்றுதான் முடிவுக்கு வந்தது.

பாளையம் ஜமீனான கதை

கிளர்ச்சியை அடக்கியபின் பிரபுவின் வாளையும் நீதிமன்றத்தையும் பறித்து, வாரத்தை மட்டும் விட்டுவைக்கும் இதே செயல்முறை அரை நூற்றாண்டுக்குப் பின் நம் கரிசல் சீமையிலும் நடந்தது.

மதுரை நாயக்கர் காலத்தில் அமைந்த பாளையங்களின் தலைவர்கள் நிலத்தின் வருவாயை மட்டும் துய்த்தவர்கள் அல்லர். தம் ஊர்களில் தலங்காவலும், தம் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களில் தேசகாவலும் அவர்களுடையவை. காவலுக்கென ஊராரிடமும் வணிகரிடமும் பெற்ற தொகை பல பாளையங்களுக்கு நிலவருவாய்க்கு இணையான வாழ்வாதாரமாக இருந்தது. வழியைக் காப்பவரே வழியில் கட்டணம் கொள்பவராகவும் இருந்தார்.

எட்டையபுரம் நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது அவ்வூரில்தான். அவருடைய ஆசிரியர் கடிகைமுத்துப் புலவர் அப்பாளையத்தின் அரசவைப் புலவர். இஸ்லாமியக் காப்பியம் ஒன்றைப் பாடிய புலவருக்குக் கற்கவும் தங்கவும் இடந்தந்த அந்த அரசவையைத் தாங்கியது கரிசல் உழவரும் வழிச்செல்லும் வணிகரும் கொடுத்த பொருளே. அக்காப்பியம் உருவாகத் துணைநின்றோர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆகிய வணிகச் செல்வர்கள் என்பதும் நினைக்கத்தக்கது.

1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் பேஷ்குஷ் தண்டும் அதிகாரம் கும்பினியாருக்கு வந்தது. ‘பேஷ்குஷ்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு முன்வைக்கப்படும் காணிக்கை என்பதே பொருள். காணிக்கை கட்டாயமானபோது போர் மூண்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியுடன் நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், ஏழாயிரம்பண்ணை ஆகிய பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. இவற்றுள் நாகலாபுரமும் காடல்குடியும் புதூரை ஒட்டிய ஊர்கள். கும்பினியார் பக்கம் நின்றோர்க்குப் பறிமுதல் நிலங்களில் பங்கு கிடைத்தது. அதனால் வளம் பெற்றவற்றுள் எட்டையபுரம் முதன்மையானது.

1801இல் இரண்டாம் போரும் அடங்கியபின், அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் ஆயுதங்களைத் தடை செய்தது. காவல் உரிமையும் அதற்குரிய வருவாயும் பாளையக்காரரிடமிருந்து நீங்கின. 1803இல் எஞ்சிய பாளையங்கள் லஷிங்டன் துரையின் ஏற்பாட்டின்படி நிலையான பேஷ்குஷ் விதிக்கப்பட்டு ஜமீன்களாயின. பாளையக்காரர் ஜமீன்தாரானார், அவர் கையில் ஒரு சனது தரப்பட்டது.

சனதில் இல்லாதது

அச்சனதுகளுக்கு அடிப்படை 1802ஆம் ஆண்டின் 25ஆவது ஒழுங்குமுறைச் சட்டம். ஜமீன்தாருக்கு நிலத்தில் நிலையான உரிமை உண்டு, அவர் செலுத்தும் தொகை என்றும் உயராது என அச்சட்டம் உறுதி கூறியது. ஆனால் அதன் நான்காம் பிரிவு ஒரு நீண்ட விலக்குப் பட்டியலைத் தந்தது. உப்பும் வெடியுப்பும், கடல்வழி நிலவழிச் சாயர் தீர்வைகள், சாராய வரி, தொழில் வரி, சந்தைகள் திருவிழாக்கள் கடைவீதிகள் ஆகியவற்றின் வருவாய், வரியிலி நிலங்கள் என இவையனைத்தும் நிலையான ஏற்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. அவற்றைத் தொடர்வதும் ஒழிப்பதும் அரசின் விருப்பம் என்று அது விதித்தது.

ஸ்காட்லாந்தின் பிரபு தம் பட்டயத்தில் நிலத்தையும் சந்தையையும் சேர்த்துப் பெற்றார். எட்டையபுரம் ஜமீன்தாரின் சனதில் நிலம் இருந்தது, சந்தை இல்லை. இதனைக் குடிகளின் மீது கொண்ட இரக்கம் எனக் கருதுதல் பிழையாகும். நிலவரியை என்றென்றைக்குமாக நிர்ணயித்துவிட்ட கும்பினியாருக்கு, வளர்ந்துகொண்டே போகக்கூடிய வருவாய் ஒன்று தம் கையில் இருக்க வேண்டியிருந்தது. வணிகமே அவ்வாறு வளரக்கூடியது. எனவே சாயரைத் தாமே வைத்துக்கொண்டு, அதனைத் தண்டினர். பருத்திப் பொதி விளைநிலத்திலிருந்து துறைமுகம் சேருமுன் சாவடிதோறும் தீர்வை இறுக்க வேண்டியதாயிற்று. இத்தீர்வைகள் வணிகத்தை நெரிக்கின்றன என்பதை அரசே உணர்ந்து, வங்காளத்தில் 1836இலும் சென்னை மாகாணத்தில் 1844இலும் உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்தது. சாயர் எனும் சொல் மறைந்த வரலாறு இதுவே.

ஷரீஅத் வகுத்த எல்லை

ஆட்சியாளர் எதை வழங்கலாம் எனும் இவ்வினாவை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கும்பினியாருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவர்கள் இதனை ‘இக்தாஉ’ என்னும் தலைப்பில் பேசுவர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்கள் சிலருக்கு நிலம் வழங்கியதுண்டு. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்னும் யமன் நாட்டவர் மஃரிப் என்னுமிடத்திலுள்ள உப்பைத் தமக்கு வழங்குமாறு வேண்ட, நபியவர்கள் வழங்கினார்கள். அவர் சென்றபின், அவ்வுப்பு வற்றாத நீரூற்றைப் போன்றது, எவரும் சென்று எளிதில் அள்ளிக்கொள்ளத்தக்கது என அவையிலிருந்த ஒருவர் எடுத்துரைத்தார். உடனே நபியவர்கள் அக்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெறுகின்றது. உழைப்பால் உயிர் பெறும் தரிசு நிலத்தை வழங்கலாம். ஊர் முழுவதும் பயன்கொள்ளும் பொதுப்பொருளை ஒருவருக்கு வழங்கலாகாது என்பதை ஃபிக்ஹ் அறிஞர்கள் இதிலிருந்து வகுத்துக்கொண்டனர்.

வழங்கிய நிலத்துக்கும் வரம்புண்டு. பிலால் இப்னு ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்கள் பெற்றிருந்த பரந்த நிலத்தில் அவரால் பயிரிட இயலாத பகுதியைக் கலீஃபா உமர் (ரலி) திரும்பப் பெற்று மக்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள்.

மதீனாவில் நபியவர்கள் முஸ்லிம்களுக்கெனச் சந்தைக்கு ஓரிடம் வகுத்து, அதில் வரி விதிக்கப்படலாகாது எனப் பணித்த செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என ஹதீஸ் கலை வல்லுநர் கூறுவர். எனினும் பொதுச் சந்தை பற்றிய சட்ட நூல்களின் போக்கு அதனோடு ஒத்தே செல்கின்றது. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் நிலக்கொடையை இரண்டாகப் பிரிப்பார். நிலத்தையே உடைமையாக்குவது தம்லீக். அதன் வருவாயை மட்டும் அளிப்பது இஸ்திக்லால். சந்தை இருக்கைகளையும் தெருவோரங்களையும் அவர் இவற்றினின்று வேறாக வைத்து, அவ்விடங்களில் அமர்வோரிடம் ஆட்சியாளர் கூலி பெறுதல் தகாது என்பார். பள்ளிவாசலில் போன்றே சந்தையிலும் முந்தி வந்தவருக்கு அன்றைய இடம் உரியது என்னும் நெறி தொடக்கக் காலத்திலிருந்தே அறியப்பட்டது.

மாவர்தீயின் முதலிரு வகைகள் நம்மூர் வழக்கில் குடிவாரம், மேல்வாரம் என வழங்கியவற்றோடு வைத்து எண்ணத்தக்கன. பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் அரசர்கள் விட்ட இனாம்களில் மேல்வாரம் மட்டும் தரப்பட்டதா, இருவாரமும் தரப்பட்டதா என்பதே வழக்குமன்றங்களில் பின்னர் எழுந்த தலையாய வினா. இனாம் என்றாலே மேல்வாரம் மட்டும்தான் எனும் பொது ஊகத்துக்கு இடமில்லை என இலண்டன் பிரிவி கவுன்சில் 1918இல் தீர்ப்பளித்தது. 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் இன்றும் நம் நிறுவனங்களுக்கு முதன்மைச் சான்றாக விளங்குவதன் காரணமும் அதுவே. வக்ஃப் சட்டம் 2025இல் திருத்தப்பட்டதன் பின்னர் அப்பதிவேடுகளின் படியைப் பெற்றுவைத்தல் நிர்வாகிகளின் கடமையாகின்றது.

சந்தை எவருடையது?

சாயர் ஒழிந்ததால் சந்தைக் கட்டணம் ஒழிந்துவிடவில்லை. தீர்வை தண்ட உரிமையற்ற நிலவுடைமையாளர் சந்தை கூடும் மண் தம்முடையது என்னும் பெயரால் தரைவாடகை பெற வழி இருந்தது. பட்டயத்தால் கிடைக்காத சந்தை, நிலத்தின் வழியே அவர் கைக்கு எட்டியது.

வணிகர் வேறொரு வழியும் கண்டனர். புதூருக்கு வடக்கே அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் சமுதாய வணிகர்கள் பேட்டைகள் அமைத்து, விற்கும் சரக்கின் மீது தமக்குத்தாமே ‘மகமை’ என ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டனர். எந்த அரசரும் அவர்களுக்குச் சனது தரவில்லை. அப்பணம் பொதுநிதியாகத் திரண்டது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அந்நிதியில் எழுந்ததே. கட்டணம் ஒன்றே, அது ஒரு குடும்பத்தின் அரண்மனைக்குச் செல்லும்போது ஒரு விளைவும், கொடுப்போரின் பொதுநிதிக்குச் செல்லும்போது வேறொரு விளைவும் தோன்றுவதை இங்குக் காண்கின்றோம்.

1948ஆம் ஆண்டின் 26ஆவது சென்னைச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், காடு, நீர்நிலை, படகுத்துறை உட்பட அனைத்தும் அரசிடம் சேர்ந்தன. பீகார் மாநிலத்து வழக்கொன்றில், தம் நிலத்தில் மேளா நடத்தும் உரிமையும் நிலவுடைமையின் ஒரு கூறே என்றும், ஜமீன் ஒழிந்தபின் அது அரசையே சேரும் என்றும் உச்ச நீதிமன்றம் 1961இல் கூறிற்று. நிலத்தின் வழியே சந்தையைப் பற்றியிருந்த பிடியும் இவ்வாறு தளர்ந்தது.

இன்று எட்டையபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தை தென்மாவட்டங்களில் பெயர் பெற்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் குர்பானிக்கு ஆடு வாங்க நம்மவர் பல ஊர்களிலிருந்தும் அங்குச் செல்கின்றனர். கரிசல் காட்டின் கன்னி ஆடும் கொடி ஆடும் வளர்ப்போர் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் விற்பனை அது. புதூர், விளாத்திகுளம் பகுதி உழவருக்கு மழை பொய்த்த ஆண்டில் மிளகாயும் மல்லியும் கைவிட்டாலும் கைகொடுப்பது பட்டியிலுள்ள ஆடுதான். அவர் விற்கும் ஒவ்வோர் ஆட்டின் விலையிலும் சந்தைக் கட்டணம் ஒரு பங்கைக் குறைக்கின்றது.

நம் மாநிலத்து உள்ளாட்சிச் சந்தைகளில் கட்டணம் தண்டும் உரிமை பெரும்பாலும் ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடப்படுகின்றது. ஏலத்தொகை ஊரின் வருவாய். அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆயினும் குத்தகைதாரர் விதிக்கப்பட்ட அளவைக் கடந்து வாங்குவாராயின், அந்த ஓராண்டுக்கு அவர் சனதில்லாத சந்தைப் பிரபுவாகிவிடுகின்றார். கட்டண விவரம் சந்தை வாயிலில் எழுதி வைக்கப்பட்டுள்ளதா, கொடுத்ததற்குச் சீட்டு தரப்படுகின்றதா, பெற்ற வருவாயில் ஆட்டுக்கு நிழலும் மனிதருக்குக் குடிநீரும் அமைக்கப்பட்டுள்ளனவா என்பன சிறு வினாக்களே. எனினும் அவற்றைக் கேட்கும் உரிமை நீண்ட வரலாற்றின் வழியே நமக்குக் கிடைத்தது. மஃரிபின் உப்பு ஒருவருக்கு உரியதன்று என்று தெரிந்ததும் கொடையையே மீட்டுக்கொண்ட நபியவர்களின் உம்மத்தினர், குர்பானி ஆட்டின் விலையைப் பேசும் அதே சந்தையில் ஆடு கொணர்ந்த உழவரிடம் நியாயமான கட்டணமே பெறப்படுகின்றதா என்பதையும் கேட்டறிதல் பொருத்தமுடையதாகும்.